30 ஏக்கர் மேட்டு நிலத்தை மனைகளாகப் பிரிக்க நிலத்தடி நீர் போதுமா? எப்படிக் கணக்கிடுவது?

1. மேட்டுநிலம்

வணக்கம். குடும்பச் சொத்தாக 12 ஹெக்டேர், ஏறத்தாழ 30 ஏக்கர் நிலம் இருக்கிறது. லேசான சரிவு, மேலே மண், கீழே கருங்கல் பாறை. இத்தனை நாள் விவசாயம் நடந்தது. இனி செய்ய ஆள் இல்லை. 24 மனைகளாகப் பிரிக்கலாம் என்று வீட்டில் பேசி முடித்திருக்கிறோம். குழாய்த் தண்ணீரும் பாதாளச் சாக்கடையும் வராத இடம். ஆகவே மனைக்கு ஒரு போர்வெல், ஒரு செப்டிக் டேங்க் என்பதுதான் திட்டம்.

அனுமதிக்குப் போனால், 24 வீட்டுக்கும் நிலத்தடி நீர் நிரந்தரமாகப் போதுமா, பக்கத்துக் கிணறுகள் பாதிக்குமா என்று அறிக்கை கேட்கிறார்கள். நிலத்தில் ஏற்கெனவே 60 மீட்டர் ஆழத்தில் ஒரு போர்வெல் உண்டு. தோண்டியபோது கம்ப்ரசரால் 2 மணி நேரம் ஊதிப் பார்த்ததில் நிமிடத்துக்கு 100 லிட்டர் வந்தது. ஒரு வீட்டுக்கு அதில் பத்தில் ஒரு பங்கு வந்தாலே தாராளம். அப்படியானால் 24 கிணறும் சரியாகத்தானே இருக்கும்? அறிக்கையில் வேறு என்ன எழுத வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

2. அளவைக்கோல்

நான் நில அளவையாளர். மனைப்பிரிவு வரைபடங்கள் நிறையப் போட்டிருக்கிறேன். பெரும்பாலும் கோடு போட்டு, சாலை விட்டு, மனைக்கு எண் கொடுத்து முடித்த பிறகுதான் தண்ணீர் அறிக்கையைத் தேடுவார்கள். அப்போது அறிக்கையில் என்ன வந்தாலும் கோட்டை மாற்ற யாருக்கும் மனம் வராது. நீங்கள் இன்னும் கோடு போடவில்லை என்றால் அதுவே நல்ல காலம். கொஞ்சம் பொறுங்கள். இங்கே பாறைநீர் சார் இருக்கிறார், அவர் சொல்லட்டும்.

3. பாறைநீர்

நிலத்தடி நீர்த் துறையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்கிறேன், பெரும்பாலும் பாறை நிலங்களில்தான். மேட்டுநிலம், உங்கள் கேள்வியில் இரண்டு வேறு கேள்விகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. ஒரு கிணறு நிமிடத்துக்கு எவ்வளவு தரும் என்பது ஒன்று. உங்கள் நிலத்துக்கடியில் ஆண்டுக்கு எவ்வளவு நீர் சேரும் என்பது இன்னொன்று. பானையில் பெரிய துளை போட்டால் நீர் வேகமாக வரும், அதனால் பானையில் உள்ள நீர் கூடிவிடாது. நிமிடத்துக்கு 100 லிட்டர் என்பது துளையின் அளவு. நமக்குப் பானையின் அளவும் அதில் ஆண்டுதோறும் என்ன வந்து சேர்கிறது என்பதும் தெரிய வேண்டும்.

ஆண்டு மழை எவ்வளவு? 800 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பாறையின் மேல் களி கலந்த மண் இருந்தால் அதில் 8 சதவீதம் கீழே இறங்கும் என்று எடுக்கலாம். நிலத்துக்கு நிலம் இது மிகவும் மாறும், கட்டிப் பாறையில் 1 சதவீதம்கூட இறங்காத இடங்கள் உண்டு. 8 சதவீதம் என்றால் 64 மில்லிமீட்டர். 12 ஹெக்டேருக்கு அது 7,680 கன மீட்டர். உங்கள் நிலத்தின் ஆண்டு வருமானம் இவ்வளவுதான்.

இப்போது செலவு. வீட்டுக்கு 5 பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 150 லிட்டர். ஒரு வீட்டுக்கு 750 லிட்டர், 24 வீட்டுக்கு 18 கன மீட்டர். ஆண்டுக்கு 6,570 கன மீட்டர். வருமானத்தில் 85 சதவீதம் செலவு. மீதி இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். இறங்குகிற நீர் இப்போது சும்மா கிடக்கவில்லை. பள்ளத்தில் ஊற்றாக வருகிறது, ஓடைக்குப் போகிறது, மரங்களின் வேருக்குப் போகிறது, கீழ்ப்பக்கத்துக் கிணறுகளுக்குப் போகிறது. அமெரிக்க நிலத்தடி நீர் ஆய்வாளர் சார்ல்ஸ் தீஸ் 1940-இலேயே இதைத் தெளிவாக எழுதிவிட்டார்: கிணற்றில் எடுக்கும் நீர் சேமிப்பிலிருந்து வர வேண்டும், அல்லது வேறெங்கோ வெளியேறிக்கொண்டிருந்த நீர் குறைய வேண்டும், அல்லது புதிதாகக் கூடுதல் நீர் இறங்க வேண்டும். நான்காவது வழி கிடையாது.

வறட்சி ஆண்டையும் பாருங்கள். சிதைந்த பாறை அடுக்கில் 10 மீட்டர் உயரத்துக்கு நீர் நிற்கிறது என்றும், அந்த அடுக்கு தன் கொள்ளளவில் 1.5 சதவீதத்தைத்தான் வடித்துத் தரும் என்றும் கொள்வோம். மொத்தச் சேமிப்பு 18,000 கன மீட்டர். ஒரு வருடம் மழை இறங்காவிட்டால், 24 வீடும் எடுப்பதில் நீர்மட்டம் 3.65 மீட்டர் இறங்கும். இரண்டு வருடம் தொடர்ந்தால் 10 மீட்டரில் 7 மீட்டருக்கு மேல் போய்விடும்.

தோட்டம் இதில் சேரவில்லை என்பதையும் கவனியுங்கள். மனை பெரிதாக இருந்தால் வாங்குகிறவர் மரம் செடி வைக்காமல் இருக்க மாட்டார். 1,000 சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் பாய்ச்சினால் 5,000 லிட்டர். ஆறு வீட்டுக்கு மேல் ஆகும் செலவு அது, திரும்பவும் வராது.

4. மேட்டுநிலம்

சார், இவ்வளவு பொறுமையாகக் கணக்குப் போட்டதற்கு நன்றி. மழை அளவு ஏறக்குறைய நீங்கள் சொன்னதுதான். ஒரு சந்தேகம். வீட்டில் புழங்கும் நீரில் பெரும்பகுதி செப்டிக் டேங்க் வழியாக உறிஞ்சுகுழிக்குப் போய் மறுபடி பூமிக்குள்தானே இறங்குகிறது? 80 சதவீதம் திரும்பும் என்று வைத்தால் உண்மையான செலவு 20 சதவீதம்தான். ஆண்டுக்கு 1,314 கன மீட்டர். அப்போது 24 மனைக்கும் மேலே போகலாம் போலிருக்கிறதே?

5. சொட்டு

நான் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இருப்பவள். இந்த இடத்தில் நான் குறுக்கிட்டே ஆக வேண்டும்.

மேட்டுநிலம், நீங்கள் சொல்வது அளவில் சரி. 80 சதவீதம் திரும்பும். ஆனால் எப்படித் திரும்புகிறது? ஒரு மனிதரின் கழிவில் ஆண்டுக்குச் சுமார் 4 கிலோ நைட்ரஜன் போகிறது. செப்டிக் டேங்க் திடப்பொருளைப் படிய வைக்கும், நைட்ரஜனை அவ்வளவாக நீக்காது. உறிஞ்சுகுழிக்குக் கீழே மண்ணில் காற்றுப் பட்டதும் அது நைட்ரேட் ஆகிவிடும். நைட்ரேட்டை மண் பிடித்து வைப்பதில்லை, நீரோடு நீராக இறங்கிவிடும். கொதிக்க வைத்தாலும் போகாது, நீர் வற்ற வற்ற இன்னும் செறிவுதான் கூடும்.

குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. நைட்ரஜனாகச் சொன்னால் 11.3 மில்லிகிராம். அளவு மீறிய கிணற்று நீரில் பால்மாவு கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனை இழந்து, உடம்பு நீலம் பாரிக்கும். 1945-இல் அமெரிக்காவின் அயோவாவில் ஹன்டர் காம்லி என்ற மருத்துவர் இதைப் பண்ணைக் கிணறுகளோடு சேர்த்துக் கண்டறிந்து எழுதினார். கிணறு என்றாலே எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

ஆகவே திரும்பும் நீரை வரவில் எழுதினால், அதோடு வரும் நைட்ரேட்டையும் எழுத வேண்டும். ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது.

6. அளவைக்கோல்

சொட்டு அக்கா சொன்ன பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். தப்பிருந்தால் திருத்துங்கள்.

24 வீடு, 120 பேர், ஆளுக்கு 4 கிலோ. மொத்தம் 480 கிலோ நைட்ரஜன். தொட்டியிலும் மண்ணிலுமாக கால்பங்கு போய்விடும் என்று வைத்தால் 360 கிலோ பூமிக்குள் இறங்குகிறது. அதைக் கலந்து நீர்க்கச் செய்ய மழையிலிருந்து 7,680, வீடுகளிலிருந்து திரும்புவது 5,256, ஆக 12,936 கன மீட்டர். லிட்டருக்கு 28 மில்லிகிராம் நைட்ரஜன் வருகிறது. வரம்பு 11.3.

பிறகு திருப்பிப் போட்டுப் பார்த்தேன். வரம்புக்குள் இருக்க எத்தனை மனை? ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் வந்து நிற்கிறது. எனக்கே நம்ப முடியவில்லை. அளவுக்கணக்கு 24-ஐத் தடுக்கவில்லை, தரக்கணக்கு ஆறிலேயே நிறுத்திவிடுகிறது.

7. பாறைநீர்

அளவைக்கோல், போட்ட முறை நல்ல முறை. ஒரே ஒரு திருத்தம். வீடுகளிலிருந்து திரும்பும் 5,256-ஐக் கலக்கும் நீரில் சேர்த்திருக்கிறீர்கள். வெளியிலிருந்து குழாயில் வரும் நீராக இருந்தால் அது சரி. இங்கே அந்த நீர் அதே நிலத்தின் கிணறுகளிலிருந்து எடுத்தது, புது நீர் இல்லை. ஒரே நீர் சுற்றிச் சுற்றி வருகிறது, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் நைட்ரேட்டைக் கூடுதலாகச் சுமந்துகொண்டு. வெளியிலிருந்து வரும் நல்ல நீர் என்றால் மழையிலிருந்து இறங்கும் 7,680 மட்டும்தான். அதில் 360 கிலோ என்றால் லிட்டருக்கு 47 மில்லிகிராம் நைட்ரஜன், நைட்ரேட்டாக 200-ஐத் தாண்டும். வரம்புக்குள் நிற்பது ஐந்து மனை.

இந்த நிலை ஒரே வருடத்தில் வராது. மெல்ல மெல்ல ஏறும். மனை விற்று எல்லாரும் வீடு கட்டிக் குடியேறி, யாரையும் கேள்வி கேட்க முடியாத காலத்தில் வந்து நிற்கும். அதனால்தான் முன்கூட்டியே பார்க்க வேண்டும் என்று மன்றாடுகிறேன்.

மழைநீர் 8 சதவீதம் இறங்கும் என்ற எடுகோளையும் சரிபார்க்கலாம். சொட்டு, குளோரைடு முறையை நீங்களே சொன்னால் நன்றாக இருக்கும்.

8. சொட்டு

சொல்கிறேன். மழையில் மிகச் சிறிதளவு குளோரைடு இருக்கும். நீர் மண்ணிலிருந்து ஆவியாகவும் செடிகள் வழியாகவும் போகும்போது குளோரைடு மட்டும் பின்தங்கிவிடும். ஆகவே நிலத்தடி நீரில் அது எத்தனை மடங்கு செறிந்திருக்கிறது என்று பார்த்தால் எவ்வளவு நீர் இறங்கியது என்று பிடித்துவிடலாம். உதாரணமாக, மழையில் 3 மில்லிகிராம், கிணற்றில் 40 மில்லிகிராம், மழை 800 மில்லிமீட்டர் என்றால், 800-ஐ 3-ஆல் பெருக்கி 40-ஆல் வகுத்தால் 60 மில்லிமீட்டர். உரம், கழிவுநீர், கடல்நீர், உப்புப் படிவு ஆகியவை கலக்காத கிணறாக இருக்க வேண்டும். பல மழைகளின் மாதிரியைச் சேர்த்துச் சராசரி எடுக்க வேண்டும், காற்றோடு வந்து படியும் தூசியின் குளோரைடையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். செலவு குறைந்த முறை, ஏனோ பலர் செய்வதில்லை.

9. கல்திட்டை

மேலே கிடைக்காவிட்டால் ஆழமாகப் போடட்டும். 60 மீட்டருக்குப் பதில் 200 மீட்டர் போட்டால் அங்கே கெடாத தண்ணீர் கிடைக்கும். எங்கள் பக்கம் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஐந்து மனை என்றால் ஒரு குடும்பம் என்னதான் செய்யும்?

10. பாறைநீர்

கல்திட்டை, நிலம் வைத்திருக்கிற குடும்பத்தின் கவலை புரிகிறது, அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கருங்கல்லில் ஆழம் கூடக் கூட வெடிப்புகள் பொதுவாகக் குறையும், இறுகும். ஆழத்தில் ஒரு நல்ல வெடிப்பு அகப்பட்டாலும் அதற்கு நீர் மேலிருந்துதான் வருகிறது. அதே 7,680-இல் எடுப்பதுதான். இன்னொன்று, பாறைக்குள் நெடுநாள் தங்கிய நீரில் ஃபுளோரைடு கூடியிருக்க வாய்ப்பு உண்டு. 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் பல்லும், இன்னும் கூடினால் எலும்பும் பாதிக்கும். நைட்ரேட்டுக்குப் பயந்து ஆழம் போய் ஃபுளோரைடில் மாட்டிக்கொண்ட கிணறுகளைப் பார்த்திருக்கிறேன்.

11. கீழ்க்கிணறு

இந்த இழையைப் படித்துவிட்டு இரவெல்லாம் தூக்கம் வரவில்லை. எங்கள் நிலத்துக்கு மேல்பக்கம் இதே மாதிரி ஒரு மனைப்பிரிவு வந்தது. அப்போது யாரும் எங்கள் கிணற்றை வந்து பார்க்கவில்லை. அறிக்கை இருந்ததாம், அதில் எங்கள் கிணறு ஒரு புள்ளியாகக்கூட இல்லை என்று பின்னால் தெரிந்தது. முதல் நான்கைந்து வருடம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் கோடைக் கடைசியில் மோட்டார் காற்றை இழுக்க ஆரம்பித்தது. பம்பை 6 மீட்டர் இறக்கினோம். அடுத்த இரண்டு வருடத்தில் இன்னும் இறக்கினோம். மகளுக்குக் குழந்தை பிறந்தபோது மருத்துவர் சொன்னதால் தண்ணீரைச் சோதித்தோம். நைட்ரேட் 90.

யாரிடம் போய்ச் சொல்வது? முன்பு எவ்வளவு இருந்தது என்று எங்களிடம் ஒரு தாள்கூட இல்லை. தண்ணீர் நன்றாக இருந்தது என்று சொன்னால், அதற்கு என்ன ஆதாரம் என்று கேட்கிறார்கள். மேட்டுநிலம் ஐயா, உங்களை ஒன்று கேட்கிறேன். உங்கள் நிலத்தில் மட்டும் அளக்காதீர்கள். கீழே இருப்பவர்களின் கிணற்றையும் முதலில் அளந்து, அந்தத் தாளில் ஒன்றை அவர்கள் கையில் கொடுங்கள்.

12. மேட்டுநிலம்

கீழ்க்கிணறு, படித்தேன். வீட்டில் எல்லாரையும் உட்கார வைத்து வாசித்தும் காட்டினேன். கோடு போடுவதை நிறுத்திவிட்டோம். முறையான பம்பிங் சோதனை செய்யப் போகிறோம். பாறைநீர் சார், எப்படிச் செய்வது என்று சொல்லுங்கள்.

13. பாறைநீர்

முதலில், கம்ப்ரசர் ஊதுவது சோதனை ஆகாது. கிணற்றுக்குள் ஏற்கெனவே நின்ற நீரும் பக்கத்து வெடிப்புகளில் இருந்த நீரும் சேர்ந்து வருவதால் 2 மணி நேரத்தில் கிணறு தன் உண்மையைச் சொல்லாது.

கோடைக் கடைசியில் செய்யுங்கள், மழைக்குப் பிறகு செய்தால் எல்லாக் கிணறும் நல்ல கிணறாகத் தெரியும். சோதனைக்கு முன் சில நாள் கிணற்றை ஓட்டாமல் விட்டு, தினமும் நீர்மட்டம் குறியுங்கள். தானாகவே இறங்கிக்கொண்டிருந்தால் அதைக் கழிக்க வேண்டும். ஒரே சீரான வேகத்தில் 24 மணி நேரமாவது பம்ப் ஓட வேண்டும், 72 மணி நேரம் ஓடினால் இன்னும் நல்லது. இடையில் மின்சாரம் போனால் மறுபடி முதலிலிருந்துதான். வேகத்தை அளக்க 200 லிட்டர் டிரம்மும் கைக்கடிகாரமும் போதும், 5 நிமிடத்தில் நிரம்பினால் நிமிடத்துக்கு 40 லிட்டர். முதல் பத்து நிமிடம் நிமிடத்துக்கொருமுறை மட்டம் குறியுங்கள், பிறகு இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போகலாம். பம்பை நிறுத்திய பிறகு நீர் ஏறி வருவதையும் அதே போலக் குறிக்க வேண்டும். பலர் பம்பை நிறுத்தியதும் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள், மிக நேர்மையான தகவல் அதில்தான் இருக்கிறது.

எடுக்கும் நீரைக் கிணற்றடியில் விடாதீர்கள். சரிவில் கீழே, தூரமாகக் குழாய் போட்டு விடுங்கள். இல்லாவிட்டால் விட்ட நீரே இறங்கி மறுபடி கிணற்றுக்கு வந்து, சோதனை பொய்யாகிவிடும். பக்கத்துக் கிணறுகளையும் அதே நேரம் அளக்க ஆள் போடுங்கள். சோதனை நடக்கும் நாள் அவர்கள் மோட்டார் போடாமல் இருந்தால் நல்லது, போட்டால் எந்த நேரம் என்று எழுதச் சொல்லுங்கள்.

14. புதுவீடு

நான் இந்த மாதிரி மனை வாங்க யோசித்துக்கொண்டிருப்பவன். விற்பவர்கள் எல்லாரும் "தண்ணீர் வளம் உள்ள பூமி" என்கிறார்கள். கவைக்குச்சி பிடித்துப் பார்த்துச் சொன்னதாகவும் சொல்கிறார்கள். வாங்குகிறவன் எதைக் கேட்க வேண்டும்?

15. பாறைநீர்

24 மணி நேரச் சோதனையின் அளவுத் தாளைக் கேளுங்கள், நேரமும் நீர்மட்டமும் எழுதிய மூலத் தாளை. "நல்ல கிணறு" என்ற ஒற்றை வரியை ஏற்காதீர்கள். நைட்ரேட், ஃபுளோரைடு, ஆர்செனிக், மலம் கலந்ததைக் காட்டும் ஈ.கோலை கிருமி ஆகியவற்றைச் சோதித்த முடிவைக் கேளுங்கள். மொத்தம் எத்தனை வீடு வரும், மேல்பக்கம் யாருடைய உறிஞ்சுகுழி இருக்கும் என்று வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள்.

கவைக்குச்சியைப் பற்றிச் சண்டை போட விரும்பவில்லை. பல நிலங்களில் எங்கே தோண்டினாலும் ஏதோ ஓர் ஆழத்தில் கொஞ்சம் நீர் வரும், அதனால் குச்சி காட்டிய இடமும் பலித்துவிடும். பூமிக்குள் மின்சாரத்துக்கு எவ்வளவு தடை என்று அளக்கும் மின்தடைமானி வைத்துப் பார்ப்பது அதைவிட நல்ல வழி. ஆனால் அதிலும் ஈரக் களிமண்ணும் உப்பு நீரும் ஒரே மாதிரிக் குறைந்த தடையைக் காட்டும். எதுவானாலும் அது எங்கே தோண்டலாம் என்பதற்கு உதவும், எத்தனை வீடு தாங்கும் என்பதற்கு உதவாது.

16. மேட்டுநிலம் (ஐந்து வாரம் கழித்து)

சோதனை முடிந்தது. நிமிடத்துக்கு 40 லிட்டர் வீதம் 24 மணி நேரம் ஓட்டினோம். ஓட்டும் முன் நீர்மட்டம் தரையிலிருந்து 9 மீட்டரில் இருந்தது. அதிலிருந்து இறங்கியது: 10 நிமிடத்தில் 3.8 மீட்டர், 100 நிமிடத்தில் 6.8, 9 மணி நேரத்தில் 9.0, 24 மணி நேரத்தில் 11.6. முதல் 9 மணி நேரத்தில் 9 மீட்டர் இறங்கியது, அடுத்த 15 மணி நேரத்தில் 2.6 மட்டும்தான். கிட்டத்தட்ட நிலைத்துவிட்டது என்று எனக்குப் பட்டது. நிறுத்திய 3 நாளில் ஏறிவிட்டது, இன்னும் 1.5 மீட்டர்தான் குறைவு. 180 மீட்டர் தள்ளிக் கீழே இருக்கும் பக்கத்துக்காரர் கிணற்றில் 0.4 மீட்டர் இறங்கியது. கிணற்றுக்கு நீர் வரும் பாறை வெடிப்பு 28 மீட்டரில் இருக்கிறது என்று தோண்டியவர் குறித்த தாளில் இருக்கிறது.

நீர் முடிவு: நைட்ரேட் 14, ஃபுளோரைடு 0.9, ஈ.கோலை இல்லை.

17. பாறைநீர்

மிக நன்றாக அளந்திருக்கிறீர்கள். மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் நிலைக்கவில்லை, வருத்தமாக இருந்தாலும் சொல்ல வேண்டும்.

நிலத்தடி நீர் ஆய்வாளர்கள் கூப்பரும் ஜேக்கபும் 1946-இல் காட்டிய வழி இது: நேரத்தைப் பத்து மடங்குகளாக எடுத்து, அதாவது 10 நிமிடம், 100 நிமிடம், 1,000 நிமிடம் என்று மடக்கை அளவில் வரைந்தால், சீரான பாறையில் இறக்கம் ஒரே சாய்வான நேர்கோடாக வரும். உங்களுடையதில் 10 முதல் 100 வரை 3 மீட்டர். 100 முதல் 540 நிமிடம் வரையும் அதே சாய்வு. 540-க்குப் பிறகு சாய்வு பத்து மடங்குக்கு 6 மீட்டர், சரியாக இரண்டு மடங்கு. வெறும் கண்ணுக்கு மெதுவானதுபோலத் தெரியும், வரைந்தால் வேகமானது தெரியும். 9-ஆவது மணியில் நீரின் இறக்கம் ஒரு சுவரில் போய் முட்டியிருக்கிறது. வெடிப்பில்லாத பாறையோ, நீர் புகாத சுவர்ப்பாறையோ இருக்கும். அதற்கு அந்தப் பக்கத்திலிருந்து நீர் வராது.

இதே வேகத்தில் 100 நாள் ஓட்டினால் இறக்கம் 23.6 மீட்டருக்குப் போகும். நீர்மட்டம் 32 மீட்டரைத் தாண்டும். உங்கள் வெடிப்பு 28-இல் இருக்கிறது, அது வறண்டுவிடும். ஆகவே இந்தக் கிணறு நிரந்தரமாக நிமிடத்துக்கு 40 தராது, 100 என்ற பேச்சுக்கே இடமில்லை. வீட்டு உபயோகம் நாளொன்றுக்குச் சில மணி நேரம்தான் என்பதால் சில வீடுகளுக்குத் தாராளமாகத் தரும்.

3 நாள் கழித்தும் 1.5 மீட்டர் குறைவு என்றீர்களே, இந்தச் சாய்வுக்கு அந்நேரம் முக்கால் மீட்டர்தான் பாக்கி இருக்க வேண்டும். சேமிப்பு சின்னது, எடுத்ததை அது முழுசாக நிரப்பிக்கொள்ளவில்லை. பக்கத்துக்காரரின் 0.4 இதைவிட முக்கியம். சாதாரணமாக 180 மீட்டரில் ஒரே நாளில் ஒன்றுமே தெரியக் கூடாது. தெரிந்தது என்றால் உங்கள் கிணறும் அவர் கிணறும் ஒரே வெடிப்பில் தொடுத்திருக்கின்றன. உங்கள் நிலத்தில் எது இறங்கினாலும் அவர் வாளிக்குப் போகும்.

18. சொட்டு

அதனால்தான் பாறை நிலத்தில், "கிணற்றுக்கும் உறிஞ்சுகுழிக்கும் இத்தனை மீட்டர் இடைவெளி விட்டாயிற்று" என்பதை மட்டும் நம்பக் கூடாது. மணல் வடிகட்டும், வெடிப்பு வடிகட்டாது. 2000-ஆம் ஆண்டு மே மாதம் கனடாவின் வாக்கர்டன் ஊரில் பலத்த மழைக்குப் பிறகு மாட்டுச் சாணத்திலிருந்து கிருமிகள் ஆழம் குறைந்த ஊர்ப் பொதுக் கிணற்றுக்குப் போய்விட்டன. 7 பேர் இறந்தார்கள், 2,300 பேருக்கு மேல் நோயுற்றார்கள். அங்கேயும் அடியில் வெடித்த பாறைதான். போர்வெல்லின் மேல்பகுதியில் இறக்கும் கேசிங் பைப்பைச் சுற்றிய இடைவெளியைச் சிமெண்டால் நன்றாக அடைப்பது மிக அவசியம், மேல்மண் நீர் பைப்பை ஒட்டியே வழிந்து உள்ளே போவதை நிறையக் கிணறுகளில் பார்க்கிறேன்.

நைட்ரேட் 14 என்பது பழைய உரத்திலிருந்து வந்திருக்கலாம். இன்னும் 36-க்குத்தான் இடம் இருக்கிறது. நைட்ரஜனாகச் சொன்னால் சுமார் 8. அந்தக் கணக்கில் சாதாரண செப்டிக் டேங்க் என்றால் 4 மனைதான் வரும்.

19. அளவைக்கோல்

நைட்ரஜனில் பாதியை நீக்கும் பொதுச் சுத்திகரிப்பு வைத்தால்? அப்போது வீட்டுக்கு 15 கிலோவுக்குப் பதில் 7.5 கிலோ. போட்டுப் பார்த்தேன், 8 மனை வருகிறது. வீடுகளைச் சரிவின் ஒரு பக்கமாக நெருக்கி வைத்து, மேல்பக்கத்தைக் கட்டடம் இல்லாமல் விட்டு அங்கே பொதுக் கிணறு போட்டால், குடிக்கும் நீருக்கு மேலே எவருடைய உறிஞ்சுகுழியும் இருக்காது. வரைபடம் நான் போட்டுத் தருகிறேன்.

20. பாறைநீர்

8 வீடு என்றால் நாளொன்றுக்கு 6 கன மீட்டர், ஆண்டுக்கு 2,190. வருமானத்தில் 29 சதவீதம். மழையே இறங்காத வருடத்தில் 1.2 மீட்டர் இறக்கம். இது தாங்கும் அளவு. ஆனால் தோட்டத்துக்குக் கிணற்று நீர் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதுங்கள். சுத்திகரிப்பை யார் பராமரிப்பது என்பதையும் எழுதுங்கள். பராமரிக்காத சுத்திகரிப்பு வெறும் செப்டிக் டேங்க்தான், அப்போது கணக்கு மறுபடி 4-க்கு வந்துவிடும். சுத்திகரித்த நீரை மரங்களுக்கு விட்டால் மரம் கொஞ்சம் நைட்ரஜனை எடுத்துக்கொள்ளும், அது கூடுதல் லாபம்.

21. மேட்டுநிலம்

வீட்டில் பேசினோம். சுலபமாக இல்லை. 24 என்று மனதில் வைத்திருந்ததை 8 ஆக்குவதற்கு என் தம்பிக்கு இரண்டு வாரம் ஆனது. பக்கத்துக் கிணற்றில் நீர் இறங்கியதை அவனே டார்ச் அடித்து அளந்திருந்தான், அதுதான் அவனை ஒப்புக்கொள்ள வைத்தது. 8 மனை, மேலே பொதுக் கிணறும் அதற்குத் துணையாக இன்னொரு கிணறும், கீழே பொதுச் சுத்திகரிப்பு. மேல் சரிவு முழுக்க மரம். அளவைக்கோல் வரைபடம் அனுப்பிவிட்டார். அறிக்கையில் இந்தக் கணக்குகளை அப்படியே, எந்த எடுகோள் எங்கிருந்து வந்தது என்பதோடு எழுதுகிறோம். வருடத்தில் இரண்டு தடவை, கோடைக் கடைசியிலும் மழைக்குப் பிறகும், நான்கு கிணறுகளில் மட்டமும் நைட்ரேட்டும் பார்ப்பதாகச் சேர்த்திருக்கிறோம்.

22. கீழ்க்கிணறு

கண் கலங்கிவிட்டது ஐயா. அந்த நான்கில் கீழ்ப்பக்கத்துக்காரர் கிணறும் உண்டா? தாளை அவரிடம் கொடுத்தீர்களா?

23. மேட்டுநிலம்

உண்டு. சோதனை அளவு, நீர் முடிவு இரண்டின் நகலும் கொடுத்தாயிற்று. அவர் கிணற்றையும் தனியாகச் சோதித்தோம், நைட்ரேட் 17. மழைக்குப் பிந்திய அளவை இருவரும் சேர்ந்தே எடுப்பதாகப் பேசியிருக்கிறோம். நீர்மட்டம் அளக்கும் நாடாவை அவரே வாங்கி வைத்திருக்கிறார்.